நூற்று இருபத்தொன்று புள்ளி நான்கு

பிப்ரவரி 9

அன்புள்ள மகளுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். கடிதம் எழுதும் பழக்கம் விட்டுப்போய்விட்டது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

ஒரு வாரமாக நீ போனை எடுப்பதில்லை. முதலில் வேலை அதிகம் என்று நினைத்தேன். பிறகு நான் ஏதாவது தவறாகப் பேசியிருப்பேனோ என்று தோன்றி, நீ வந்து தங்கியிருந்த அந்த விடுமுறையை முதலிலிருந்து கடைசிவரை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தேன். கல்யாணப் பேச்சை எடுத்தது உன் அப்பா கேட்கச் சொன்னதால்தான். தம்பி ஒன்றைச் சொன்னால் எனக்கு மறுக்கத் தெரியாது. அதுதான் கோபமென்றால் மன்னித்துவிடு. குளியலறைக் குழாய் ஒழுகியதுதான் காரணமென்றால், அதைச் சரிசெய்துவிட்டேன்.

இங்கே ஒரு சின்ன விசேஷம். உன்னிடம்தான் சொல்ல முடியும். வேறு யாருக்கும் புரியாது. வரப்போகும் போன்களையும் டேப்லெட்டுகளையும் பற்றிப் பேசும் அந்த இணையத் தளத்தில் நான் எழுதிவருவது உனக்குத் தெரியுமே. 'ஒருகை' என்ற பெயரில், வருஷக்கணக்காக ஒரே பாட்டுத்தான் பாடிவருகிறேன்: ஒரு கையில் அடங்குகிற டேப்லெட் வேண்டும், படுத்துக்கொண்டு படிக்கும்போது மூக்கில் விழுந்தால் மூக்கு உடையக் கூடாது, பொத்தான் என்றால் அமுக்கினால் அமுங்க வேண்டும். அங்குள்ளவர்கள் மூன்றாக மடிகிற போன், சுவரளவு திரை என்று பேசிக்கொண்டிருப்பார்கள். நடுவில் என் ஆசையைப் படித்துச் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டுப் போய்விடுவேன்.

போன வாரம் வழக்கம்போல என் ஆசையை எழுதினேன். இந்த முறை அளவோடு. திடீரென்று எல்லோரும் 'ஐயா' என்கிறார்கள். ஏதோ செய்திப் பக்கம் ஒன்றும் எடுத்துப் போட்டிருக்கிறது. 'உள்விவரம் அறிந்தவர்' என்று என்னைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். எடையளவு ஆய்வாளனாக முப்பத்தைந்து வருஷம் கடைகடையாய்த் தராசைச் சோதித்தேன். அப்போதுகூட யாரும் என்னை விவரம் அறிந்தவன் என்று சொன்னதில்லை.

நீ காட்டியதைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. என் ஆசை என்றுதான் எழுதினேன். ஆகவே அதில் தவறில்லை என்று நினைக்கிறேன்.

நலமா என்று ஒரு வரி எழுது.

உன் பெரியப்பா

*

பிப்ரவரி 16

பெரியப்பா,

போன் செய்யாதீர்கள். மெசேஜும் வேண்டாம். எங்கள் எல்லோருடைய போன்களையும் கம்பெனி வாங்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறது. யாரோடு பேசினோம், எவ்வளவு நேரம் பேசினோம் என்று கேட்கிறார்கள். அதனால்தான் காகிதம். போனுக்குக் கவர் செய்கிற கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு, தபால்பெட்டி எங்கே இருக்கிறதென்று தெருத்தெருவாய் விசாரித்தேன்.

தவறில்லை என்று நினைக்கிறீர்களா?

ஒரு டேப்லெட் கடைக்கு வரும் அன்றே அதன் கவரும் வர வேண்டும். அதற்காகத்தான் மாதங்களுக்கு முன்பே அதே அளவில் ஒரு டம்மிக் கட்டையை எங்களிடம் கொடுக்கிறார்கள். அது கட்டடத்தை விட்டு வெளியே போகக் கூடாது. நான் அதைக் கைப்பையில் போட்டு, ரயிலில் மடிமேல் வைத்து, உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஏன் என்று உங்களுக்கே தெரியும். "கண்ணை மூடிக்கிட்டுக் கையை நீட்டுங்க பெரியப்பா. நீங்க கேட்டுக்கிட்டே இருந்தது வரப்போகுது" என்றேன். அந்த நேரத்தில் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணமே இல்லை. பார்த்தேன். இப்போது அந்த முகத்தை நினைத்தாலே எரிச்சல் வருகிறது.

உங்கள் கையில்தான் கொடுத்தேன். நீங்கள் எழுதியிருப்பது அகலம் நூற்று இருபத்தொன்று புள்ளி நான்கு மில்லிமீட்டர். யாருடைய கைக்கும் புள்ளி நான்கு தெரியாது. அது எங்கிருந்து வந்தது? அதை மட்டும் எழுதுங்கள்.

அந்தப் பதிவை நீக்காதீர்கள். நீக்கினால் இன்னும் சந்தேகம் வரும். சும்மா இருங்கள்.

*

பிப்ரவரி 22

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். பதில் இரண்டு முறை எழுதினேன். இரண்டிலும் நான் நல்லவனாகத் தெரிந்தேன், கிழித்துவிட்டேன்.

நீ குளிக்கப் போயிருந்தாய். கட்டை மேசைமேல் இருந்தது. கையில் எடுத்தேன். ஒரு பொருளைக் கையில் எடுத்தால் அதன் அளவை அறியாமல் கீழே வைக்க எனக்கு வராது. அது வியாதிபோல ஒட்டிக்கொண்டது. இழுப்பறையில், மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கையும் காட்டும் என் பழைய வெர்னியர் காலிப்பர் இருந்தது. மூன்று இடத்தில் வைத்துப் பார்த்தேன். மேலே, நடுவே, கீழே. மூன்றும் ஒன்றாக இருந்தன. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றதும் காலிப்பரை உள்ளே வைத்து மூடினேன். தவறில்லை என்று நினைத்தவன் ஏன் அவசரமாக மூடினான் என்று கேட்பாய். நானும் அதைத்தான் கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதற்குக் காரணம் இன்னும் அற்பமானது. தளத்தில் 'பெரியதிரை' என்று ஒருவர் இருக்கிறார். வயது என்னவோ தெரியாது. நான் எது எழுதினாலும் கீழே வந்து நிற்பார். "தாத்தா, உங்க உள்ளங்கையை அளந்துட்டுப் போய் அவங்க டேப்லெட் செய்வாங்களா? தூங்குங்க தாத்தா" என்று எழுதினார். அதைப் பலர் விரும்பியிருந்தார்கள். இதற்கு முன்பெல்லாம் அதைப் படித்துவிட்டுத் தூங்கத்தான் போவேன். அன்றைக்கு மட்டும் எனக்கு ஒன்று தெரிந்திருந்தது; அவருக்குத் தெரியவில்லை. அகலம் இவ்வளவு வரும், வேண்டுமானால் குறித்துவைத்துக்கொள் தம்பி என்று எழுதினேன். 'தம்பி' என்று எழுதும்போது ஒரு சுகம் இருந்தது. அந்தச் சுகத்துக்குத்தான் உன் வேலையைப் பணயம் வைத்திருக்கிறேன்.

நூற்று இருபத்தொன்று என்று எழுதியிருக்கலாம். சுமாராக என்று எழுதியிருக்கலாம். தெரிந்த அளவைச் சுமாராகச் சொல்வது எனக்குப் பொய் சொல்வதுபோல. இப்படிச் சின்ன இடத்தில் நேர்மையைப் பார்த்துப் பெரிய இடத்தில் கோட்டைவிடுகிறவர்களைக் கடைகளில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

உன் கம்பெனிக்கு நானே எழுதிவிடட்டுமா? எல்லாவற்றையும் என்மேல் போட்டு எழுதிவிடுகிறேன். ஆனால் கட்டை எப்படி என் வீட்டுக்கு வந்தது என்று கேட்பார்கள். அதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நீ சொல்வதுபோலச் செய்கிறேன்.

உன் பெரியப்பா

*

மார்ச் 2

பெரியப்பாவுக்கு,

எழுதாதீர்கள். யாருக்கும் எதுவும் எழுதாதீர்கள்.

நிலைமை நாம் நினைத்ததைவிட மோசம். எங்களுக்கு வந்த டம்மிகள் நான்கு. ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் பொறுப்பில். நான்கும் ஒன்று என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். இல்லையாம். அகலத்தில் மயிரிழை வித்தியாசம் வைத்தே செய்து அனுப்பியிருக்கிறார்கள். விவரம் வெளியே போனால், எந்தக் கட்டையிலிருந்து போனது என்று கண்டுபிடிக்க. நீங்கள் சுமாராகச் சொல்லியிருந்தால் நான்கு பேரில் யார் என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. புள்ளி நான்கு என்பது அளவில்லை பெரியப்பா. அது ஓர் ஆளின் பெயர்.

என் பெயர் இல்லை. அதுதான் இன்னும் கொடுமை.

அந்த வாரம் என் பொறுப்பிலிருந்த கட்டை, கவரில் கேமரா ஓட்டை சரியாக வருகிறதா என்று பார்க்கிற இயந்திரத்தில் மாட்டியிருந்தது. அதனால் கவர் வார்க்கும் அச்சுப் பிரிவிலிருப்பவரின் அலமாரியிலிருந்து அவருடைய கட்டையை எடுத்தேன். எங்கள் எல்லோருக்கும் அவர் 'மோல்டு அண்ணன்'. அலமாரியைப் பூட்டிச் சாவியைப் பக்கத்திலேயே ஆணியில் மாட்டுவார். "பூட்டுறது தூசிக்கு, ஆளுக்கு இல்ல" என்பார். திங்கட்கிழமை அவர் வருவதற்குள் திரும்ப வைத்துவிட்டேன். அவருக்குத் தெரியவே தெரியாது.

இப்போது அவரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். பாதுகாப்பு அதிகாரி எங்களையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். "அவரோட கட்டைய வேற யாராவது எடுத்தீங்களா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது சார் என்றேன். குரல் நன்றாகவே வந்தது. எனக்கே ஆச்சரியம்.

ஒரு வழி இருக்கிறது. அந்த அளவை நீங்கள் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்ததாக எழுதுங்கள். திரை, கண்ணாடி, கை, எதை வேண்டுமானாலும் வைத்து, படித்தால் 'அட, யார் வேண்டுமானாலும் கண்டுபிடித்திருக்கலாமே' என்று தோன்றும்படி. தற்செயல் என்று ஆகிவிட்டால் அண்ணனை விட்டுவிடுவார்கள். நானும் பிழைப்பேன். அப்படி எழுத உங்களைவிட ஆள் இல்லை.

சீக்கிரம் எழுதுங்கள்.

*

மார்ச் 11

அன்புள்ள மகளுக்கு,

எழுதி வெளியிட்டுவிட்டேன். நீ பார்த்திருப்பாய்.

விடையை வைத்துக்கொண்டு கேள்வி தயாரிப்பது எளிது என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. பெரிய கண்ணாடித் தகட்டிலிருந்து வீணாகாமல் எத்தனை திரை வெட்டலாம் என்று தொடங்கினேன். அதிலிருந்து திரையின் அகலம். அதற்கு இருபுறமும் கட்டைவிரல் தங்க எவ்வளவு ஓரம் வேண்டும் என்பது. கூட்டினால் நூற்று இருபத்தொன்றே கால் வந்தது. மீதி இம்மி இடித்தது. அப்போது நீ முன்பு சொன்னது நினைவுக்கு வந்தது: பிளாஸ்டிக் சூடு ஆறும்போது சுருங்கும், அதனால் அச்சைக் கொஞ்சம் பெரிதாக வெட்டுவார்கள் என்று. அந்தச் சுருக்கத்துக்கு ஈடாக ஒரு பத்தி எழுதினேன். நூற்று இருபத்தொன்று புள்ளி நான்கு, கச்சிதமாக வந்து உட்கார்ந்தது.

எழுதி முடித்துப் படித்தபோது எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. அதுதான் வெட்கம். வாழ்நாளெல்லாம் கள்ளத் தராசைப் பிடித்தவன் நான். ஒரு கடைக்காரர் தட்டுக்கு அடியில் புளியை உருட்டி ஒட்டி வைத்திருந்தார். அவரைக் கடைத்தெருவில் நிறுத்திப் பேசிய பேச்சை இன்றைக்கும் நினைவு வைத்திருக்கிறேன். அவர்கூட இவ்வளவு அழகாக ஒட்டவில்லை.

'பெரியதிரை' வந்தார். "தாத்தா, கால்ல விழுறேன். நீங்க மனுஷனா, மெஷினா?" என்று எழுதினார். படித்துச் சிரித்தேன். அந்த ஒரு கணம் சந்தோஷமாக இருந்தேன் என்பதை உன்னிடம் மறைக்க முடியவில்லை. பிறகு, வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர், எனக்கு முகம் தெரியாதவர், நினைவுக்கு வந்தார். கணினியை மூடிவிட்டேன்.

அவரைத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்களா? கூப்பிட்டவுடன் எழுது.

உன் பெரியப்பா

*

மார்ச் 19

பெரியப்பாவுக்கு,

அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

உங்கள் பதிவை அச்செடுத்துக் கூட்டத்தில் மேசைமேல் வைத்தார்கள். முதல் பக்கம் படிக்கும்போது பாதுகாப்பு அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். எனக்கு மூச்சு திரும்பியது. மூன்றாம் பக்கத்தில் நிறுத்தினார். "இந்தச் சுருக்கக் கணக்கு தெருவுல போறவனுக்குத் தெரியுமா? அச்சு வெட்டுறவன் சொல்லாம இது வராது. தப்பிக்கப் பார்த்து அவரே எழுதிக் குடுத்திருக்காரு" என்றார். எல்லோரும் ஆமாம் என்றார்கள். நானும் அந்த அறையில்தான் இருந்தேன்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். நாம் பழியை அவர் வாசலில் வைத்துவிட்டு, பூட்டும் போட்டுவிட்டு வந்திருக்கிறோம். உங்களைத் திட்ட வேண்டும் என்று பேனாவை எடுத்தேன். எழுதச் சொன்னது நான்தானே.

நேற்று அவர் தன் சாமான்களை எடுத்துப்போக வந்தார். மாலை பேருந்து நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். பார்க்காததுபோல நடக்கலாம் என்று இருந்தேன். அவர்தான் கூப்பிட்டார். கையில் ஒரு அட்டைப்பெட்டி. அதில் ஒரு டம்ளர், ஒரு ஜோடிச் செருப்பு, ஒரு டிரான்சிஸ்டர்.

"எல்லாரையும் கூப்பிட்டுக் கேட்டாங்களாமே. ஆளாளுக்கு என்னைப் பத்தி ஏதேதோ சொல்லியிருக்காங்க. சாவிய ஆணியில மாட்டுவான், கவனமில்லாதவன், கடன்காரன்னு. நீ மட்டும் எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னியாம். ரொம்ப நன்றிம்மா" என்றார்.

பரவாயில்லை அண்ணே என்றேன். பெரியப்பா, பரவாயில்லை என்று சொன்னேன்.

பேருந்து வந்ததும் பெட்டியை ஏற்றிக் கொடுத்தேன். அது எவ்வளவு லேசாக இருந்தது தெரியுமா?

*

மார்ச் 30

அன்புள்ள மகளுக்கு,

இதை எழுதாமலே இருந்துவிடலாம் என்று பார்த்தேன். நீ வேறு யார் மூலமாவது அறிய நேர்ந்தால் இன்னும் கேவலம்.

செவ்வாய்க்கிழமை நான் உன் ஊருக்கு வந்தேன். உன்னிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாய், வேண்டாம் என்றால் நிம்மதியாக வீட்டில் இருந்துவிடலாம். அந்த ஆசையில்தான் இத்தனை நாளும் ஒவ்வொன்றுக்கும் உன் அனுமதியைக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று புரிந்தது. ரயிலில் சொல்ல வேண்டியதை வரிவரியாக ஒத்திகை பார்த்தேன். 'ஐயா, என் தம்பி மகள் காட்டிய பொருளை அவளுக்குத் தெரியாமல் அளந்தவன் நான். அச்சுப் பிரிவுக்காரருக்கு இதில் சம்பந்தமில்லை.' இவ்வளவுதான். இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை.

உங்கள் கட்டடத்தின் முன்கூடம் குளிராக இருந்தது. மேசையில் ஒரு இளம்பெண். என் சட்டை கசங்கியிருந்தது அவள் கண்ணில் பட்டிருக்கும். "சொல்லுங்க சார், என்ன விஷயமா வந்தீங்க?" என்று அன்பாகத்தான் கேட்டாள்.

"டேப்லெட்டுக்கு ஒரு கவர் வேணும்" என்றேன்.

அது என் வாயிலிருந்துதான் வந்தது. எப்படி வந்ததென்று தெரியவில்லை. "இங்க விக்கிறதில்ல சார், கடையிலதான் கிடைக்கும்" என்றாள். சரிம்மா என்று திரும்பினேன். அவளுக்கு என்ன தோன்றியதோ, "இவ்வளவு தூரம் வந்துட்டீங்களே, இருங்க" என்று உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். உள்ளே போய் ஒரு கவரை எடுத்துவந்தாள். "இது சாம்பிள் பீஸ் சார், வெச்சுக்கோங்க. ஓரத்துல சின்னக் கீறல்தான்." வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு, அடுத்த ரயிலில் திரும்பிவிட்டேன்.

நான் பயந்தவன் என்பது எனக்குப் புதிதில்லை. பயந்தவனாக இருந்தாலும் கணக்கு சுத்தமாக இருக்கிறது என்று ஒரு பெருமை இருந்தது. அதையும் உங்கள் முன்கூடத்தில் விட்டுவிட்டு, பதிலுக்கு ஒரு கவரோடு வந்திருக்கிறேன்.

இதற்கு நீ பதில் எழுதாவிட்டாலும் எனக்குப் புரியும்.

உன் பெரியப்பா

*

ஏப்ரல் 7

பெரியப்பாவுக்கு,

நீங்கள் வந்ததை நான் பார்த்தேன்.

மாடியில் கண்ணாடிச் சுவர் ஓரமாக நின்றிருந்தேன். நீங்கள் தெருவைக் கடக்க இருபுறமும் மூன்று மூன்று முறை பார்த்தீர்கள். உங்கள் நடை எனக்குத் தெரியாதா? எதற்கு வந்திருக்கிறீர்கள் என்றும் தெரிந்தது. இறங்கி வந்து தடுக்க வேண்டும் என்று தோன்றியது. இறங்கி வந்து உங்களோடு சேர்ந்து நிற்க வேண்டும் என்றும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை. கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். அரைமணி கழித்து வெளியே வந்தால் எல்லோரும் அவரவர் வேலையில் இருந்தார்கள். நீங்கள் சொல்லவில்லை என்று புரிந்தது. அப்பாடா என்று இருந்தது பெரியப்பா. அந்த 'அப்பாடா'வை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் உடம்பு கூசுகிறது. எழுபது வயது மனிதர் ஒருவர் எனக்காக வந்து பயந்து திரும்பிப் போகிறார், நான் நிம்மதியாக மூச்சு விடுகிறேன்.

மறுநாள் காலை பாதுகாப்பு அதிகாரியின் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் எழுந்து ஓடிவிடுவேன் என்று நின்றுகொண்டே சொன்னேன். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். "நாலு அளவுமே பொய்ம்மா. அசல் அளவு அஞ்சாவது. உங்க பெரியப்பா ஜெயிச்சதே பொய் அளவுலதான்" என்று மட்டும் சொன்னார். பிறகு என் அடையாள அட்டையை வாங்கி மேசைமேல் கவிழ்த்து வைத்தார். அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள்.

மோல்டு அண்ணனைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் சொல்வதற்கு முன் நானே சொல்ல வேண்டும் என்று அவர் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நிற்கவைத்துத்தான் கேட்டார். முழுவதும் கேட்டார். நடுவில் ஒரு கேள்விகூட இல்லை. அவர் மனைவி உள்ளிருந்து, "யாருங்க?" என்றார். "ஆபீஸ் பொண்ணு" என்றார். "உள்ள கூப்பிடுங்களேன்" என்றார் அந்த அம்மா. அவர் வாசலை விட்டு நகரவில்லை.

வேலை திரும்பக் கிடைத்துவிடும் அண்ணே என்றேன்.

"வேலை கிடக்கு. அன்னைக்கு பஸ் ஸ்டாப்புல உனக்கு நன்றி சொன்னேனே, அதைத் திருப்பிக் குடு" என்றார்.

நான் படியிறங்கினேன். அவர் கதவைச் சாத்தவில்லை. நான் போகும்வரை அப்படியே நின்றுகொண்டிருந்தார். சாத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. வேறு இடத்தில் வேலை கேட்டிருக்கிறேன். அங்கே, ஏன் விட்டாய் என்று கேட்டார்கள். சொன்னேன். பிறகு கூப்பிடுகிறோம் என்றார்கள்.

உங்கள்மேல் கோபம் இல்லை என்று எழுதினால் அது சுமாரான அளவாக இருக்கும். இருக்கிறது. என்மேல் இருப்பதைவிடக் குறைவு.

தளத்தில் எழுத வேண்டுமா, வேண்டாமா என்று என்னைக் கேட்காதீர்கள்.

*

ஏப்ரல் 15

அன்புள்ள மகளுக்கு,

உன்னைக் கேட்கவில்லை. எழுதிவிட்டேன்.

'ஒருகை' என்ற பெயரை எடுத்துவிட்டு என் சொந்தப் பெயரில் எழுதினேன். எந்தத் துறையில் என்ன வேலை பார்த்தேன் என்பதையும் சேர்த்தேன். அளவு திருடப்பட்டது, பிறகு எழுதிய கணக்கு பொய், அதனால் குற்றமற்ற ஒருவர் வேலை இழந்தார், இன்னொருவர் இப்போது இழந்திருக்கிறார், இரண்டுக்கும் காரணம் என் வீம்பு. உன்னையோ உன் கம்பெனியையோ அடையாளம் காட்டும் எதுவும் அதில் இல்லை. நான்கு பத்தி. தயாரிப்பில் அழகு வந்துவிடக் கூடாது என்று இரண்டு இடத்தில் வெட்டினேன்.

கல்லால் அடிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். சிலர் கைகூப்பும் படம் போட்டார்கள். ஒருவர், அப்படியானால் சிறிய டேப்லெட் வருவது உறுதிதானே என்று கேட்டார். 'பெரியதிரை' எழுதியது இது: "தாத்தா, அழ வெச்சுட்டீங்க. அது கிடக்கட்டும், மூணா மடிக்கிற போன் எப்ப வருது? உங்க ஆளுக்குத் தெரியுமா?" அதற்குக் கீழே மாலைக்குள் பெரிய விவாதமே நடந்துவிட்டது. கீல் எந்தப் பக்கம் இருக்கும், விலை என்ன ஆகும் என்று. என் நான்கு பத்தி அதற்கு மேலே எங்கோ போய்விட்டது.

அங்கே சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. தெரியாதவர்களிடம் வெட்கப்படுவது சுலபம். நான் வெட்கப்பட வேண்டியது ஒரே ஒருவரிடம். அவர் வீட்டுக்குத்தான் நான் போகவில்லை. நீ என் பங்கையும் சேர்த்து அந்த வாசலில் நின்றிருக்கிறாய்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். அவர் உள்ளே கூப்பிடமாட்டார், அது தெரியும். என்ன சொல்வது என்று இந்த முறை ஒத்திகை பார்க்கவில்லை. ஒத்திகை பார்த்தால் கவர் வேண்டும் என்றுதான் வாயில் வரும். நீ கூட வர வேண்டாம். கூட ஆள் இருந்தால் ஆளின் பின்னால் நின்றுகொள்வேன்.

மோல்டு அண்ணனின் முகவரியைத் திரும்பு தபாலில் எழுது. தெருவும் கதவு எண்ணும் போதும்.

உன் பெரியப்பா